சாம்பலில் ஈரம் பார்த்த கை

பூவம்மாளின் வலது கை முழங்கை வரை சாம்பலுக்குள் இருந்தது. இடது கை தகர டிரம்மின் விளிம்பைப் பிடித்திருந்தது. அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தாள், விரல்களை விரித்தாள், உள்ளங்கையைச் சாய்த்தாள். சாம்பல் தண்ணீர் மாதிரி ஓடி விழுந்தது. வெளிச்சத்தில் கையைத் திருப்பி ரேகைகளைப் பார்த்தாள். அவற்றில் ஒன்றும் தங்கவில்லை.

"ஊத்தலாம்," என்று உலைப் பக்கம் சத்தம் கொடுத்தாள்.

அவள் சொல்லாமல் அந்த உலையில் யாரும் சாம்பலைத் தொட்டதில்லை. இது 1981 மார்ச் மாதம். மாதனூரைத் தாண்டி ஆம்பூர் போகிற ரோட்டில், எங்கள் தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த பட்டறை. புருஷன் சுப்பராயன் அதில் அலுமினியம் உருக்கி வார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலைக்கு சத்தார் என்று ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் கிடையாது. நான் அப்போது தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சிங் உதவியாளர். புண் கழுவிக் கட்டுப் போடுவது என் வேலை. தினமும் காலையில் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கப் போவேன்.

சுப்பராயன் ஆரம்பத்தில் குண்டான் மூடி, கைப்பிடி என்று வார்த்துக்கொண்டிருந்தவர். ஆம்பூரில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ஹயாத் பாஷா பழகிய பிறகு ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு பிரேக் ஷூ வார்க்கத் தொடங்கினார். "ஆம்பூர்ல ஷூ பண்றவன் ஆயிரம் பேரு. காலுக்குப் போட முடியாத ஷூ பண்றவன் நான் ஒருத்தன்தான்," என்பார். சக்கரத்துக்குள்ளே பிறை வடிவில் இரண்டு துண்டுகள் இருக்கும். பிரேக்கை மிதித்தால் நடுவிலிருக்கும் சிறு இரும்புக் கட்டை திரும்பி இரண்டையும் விரித்துத் தள்ளும். இரும்பு தள்ளுகிற அந்த முனை அலுமினியத்தில் சீக்கிரம் பள்ளம் விழுந்துவிடும். பள்ளம் விழுந்தால் பிரேக் பிடிக்காது. சாமான் திரும்பி வரும். ஹயாத் பாஷா அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "இது ஷூ இல்ல சுப்பராயா, அல்வா," என்பார்.

அந்த அல்வாவைக் கெட்டியாக்கியது தோல் ஷாப் சாம்பல். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். குரோம் போட்டுப் பதனிட்ட தோலைச் சீவினால் நீலத் தூள் மலை மாதிரி சேரும். அதைக் கொட்ட இடமில்லாமல் ஒரு ஷாப்பில் பாய்லரில் போட்டு எரித்தார்கள். எரிந்த சாம்பல் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். உலை வாய் உடைந்தபோது பூசுவதற்கென்று சத்தார் அதில் இரண்டு மூட்டை வாங்கி வந்தார். பூசியது காய்ந்து உதிர்ந்து, அலுமினியம் உருகிக்கொண்டிருந்த மூசைப் பானைக்குள் விழுந்துவிட்டது. சுப்பராயன் அதை வழித்துப் போடாமல் சோம்பலில் கிளறி ஊற்றிவிட்டார். அந்த ஈட்டில் வந்த ஷூவை அரம் போட்டுத் தேய்த்தால் அரம் வழுக்கிற்று. இப்படித்தான் அது தொடங்கியது.

ஆனால் வேண்டுமென்றே போட்டபோது சாம்பல் கலக்கவில்லை. உருகிய அலுமினியத்தின் மேலே ஏடு மாதிரி மிதந்தது. எவ்வளவு கிளறினாலும் உள்ளே போகவில்லை. பத்து நாள் இந்தப் பேஜார். பதினோராம் நாள் சாப்பாடு கொண்டுபோன பூவம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"களி கிண்டத் தெரியாதவன் மாதிரி கிண்டறியே. தண்ணியா இருக்கும்போது மாவு கொட்டினா மிதக்காம இன்னா பண்ணும்? கொஞ்சம் கூழா ஆவட்டும். அப்போ கொஞ்சம் கொஞ்சமா தூவிக் கிண்டு."

"நீ சோறு வச்சுட்டுப் போ."

"வைக்கிறேன். நீ கிண்டு."

சூட்டைக் குறைத்து, உலோகம் கூழ்ப் பதத்துக்கு இறுகுகிற நேரத்தில் தூவிக் கிளறினார்கள். சாம்பல் உள்ளே போயிற்று. பிறகு மறுபடி சூடேற்றி ஊற்றினார்கள். அந்த ஷூவை ஹயாத் பாஷா தன் சொந்த ஆட்டோவில் மாட்டி, பள்ளிகொண்டாவுக்கும் வேலூருக்குமாக நாலு மாதம் ஓட்டிக் கழற்றிப் பார்த்தார். முனையில் பள்ளம் இல்லை. அன்றைக்கு அவர் கொண்டுவந்த பிரியாணிப் பாத்திரத்தை பூவம்மாளிடம்தான் கொடுத்தார். "தங்கச்சி, ஃபோர்மேன் நீதான்," என்றார்.

அதிலிருந்து சாம்பல் அவள் பொறுப்பு. இரும்புச் சட்டியில் வறுப்பாள், பழைய வேட்டியில் சலிப்பாள், சூடு ஆறுவதற்குள் கையை விட்டுப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் கைரேகையில் பச்சைக் கோடாகத் தங்கும். ஈரச் சாம்பல் சூட்டு உலோகத்துக்குள் போனால் உள்ளேயே ஆவியாகும். ஆவிக்கு வெளியே வர வழி இருக்காது. அப்புறம் வெடிக்கத்தான் வேண்டும். இதை ஒருமுறை சின்ன அளவில் பார்த்திருந்தார்கள். ஒரு சொட்டு தெறித்து சத்தாரின் லுங்கியில் ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகு பூவம்மாள் கையை விட்டுப் பார்க்காமல் எதுவும் நடக்கவில்லை.

அந்தக் கையை நான் குழாயடியில் பார்த்தேன்.

ஜூன் மாதம். தண்ணீருக்கு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். அவள் குடத்தைத் தூக்கியபோது விரல் கணுக்களிலும் நக ஓரத்திலும் மூன்று புண்கள் தெரிந்தன. பட்டன் அளவு, வட்டம், ஓரம் தடித்து நடுவில் பள்ளம்.

"வலிக்குதா?"

"இல்லக்கா. வலியே இல்ல. மூக்குல தான் அப்பப்போ ரத்தம் வருது. மூச்சு விட்டா விசிலடிக்குது." சிரித்தாள்.

வலியில்லாத புண், மூக்கில் ரத்தம். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த இரண்டையும் கேட்டால் அடுத்து என்ன செய்வோம் என்பது எனக்குப் பழக்கம். பழக்கத்தில் வாய் பேசிவிட்டது. "செவ்வாய்க்கிழமை எங்க ஆஸ்பத்திரிக்கு வா. தோலக் கிள்ளிப் பார்த்துடலாம்," என்றேன். என் குரல் எப்போதும் பெரிய குரல்.

எங்கள் ஆஸ்பத்திரி எது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் நின்ற முனியம்மா தன் குடத்தைக் குழாயிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு போதுமானதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தாள். பஞ்சு வைத்துத் தொட்டுப் பார்த்தோம், புண்ணைச் சுற்றி உணர்ச்சி நன்றாக இருந்தது. நரம்பு தடிக்கவில்லை. காது மடலில் கிள்ளி எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நடுச் சுவரில் ஓட்டை விழுந்திருந்தது.

"என்ன வேலை செய்றீங்க?"

"சாம்பல் சலிக்கிறேங்க."

"என்ன சாம்பல்?"

"தோல் ஷாப் சாம்பல்."

டாக்டர் பேனாவை மூடினார். தோல் ஷாப்பில் குரோம் தொட்டியில் கை வைக்கிறவர்களுக்கு இந்தப் புண் வருவதை அவர் பார்த்திருக்கிறார். இது தொழுநோய் இல்லை, குரோம் அரித்த புண், கையை அந்தச் சாம்பலில் இனி வைக்கக் கூடாது என்றார். நான் அதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கொடுத்தேன். பூவம்மாள் அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் வீடு வீடாகக் காட்டினாள். படிக்கத் தெரிந்தவர்கள் கையில் வாங்கவில்லை. வாங்கியவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

"அவங்க எல்லாருக்கும் இல்லன்னுதான் எழுதித் தருவாங்க சிஸ்டரு. மனசு நோவக் கூடாதுன்னு," என்றாள் முனியம்மா என்னிடமே.

"பதினெட்டு வருஷமா அங்க வேல செய்றேன். என் கையப் பாரு, விழுந்துடுச்சா?"

"நீங்க மருந்து போட்டுக்குவீங்க."

நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஒரு மாதத்தில் சத்தார் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். அவர் மனைவி சாப்பாட்டோடு தனிக் கூஜா கொடுத்தனுப்பினாள். பிறகு சுப்பராயனிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணே, எனக்கு ஒன்னும் இல்ல. அக்கா தொட்ட சாம்பல நான் தொடறேன்னு வூட்ல அழுவுறா. கொழந்தைங்க கிட்ட வுட மாட்டேங்கிறா."

ஹயாத் பாஷா நல்ல மனிதர். அவரும், "கொஞ்ச நாளைக்கு தங்கச்சி ரெஸ்ட் எடுக்கட்டும். மெட்ராஸ் பார்ட்டி பார்க்க வர்றான். யாராவது எதுனா சொல்லிட்டா ஆர்டர் போய்டும்," என்றார். மெட்ராஸில் ஒரு கம்பெனி சோதனைக்கு நானூறு ஜோடி கேட்டிருந்தது. பொங்கலுக்குள் கொடுக்க வேண்டும். அது சரியாக வந்தால் சுப்பராயன் மூடி, கைப்பிடி பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

அன்று நான் பூவம்மாளின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது சுப்பராயன் வந்து பேச்சை எடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், கட்டுத் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொஞ்ச நாள் நீ பட்டறைப் பக்கம் வர வேணாம் பூவு."

"சாம்பல யாரு பார்ப்பா?"

"சத்தார் பார்ப்பான்."

"அவன் எதால பார்ப்பான்? மீசையாலயா? நீயும் நம்புறியா எனக்கு அந்த வியாதின்னு?"

"நான் நம்பல. உன் பக்கத்துலதான படுக்கிறேன்."

"அப்போ சொல்லு, வெளிய. எல்லார் முன்னாடியும் சொல்லு."

அவர் பட்டறைப் பக்கம் போய்விட்டார். கெட்டவர் இல்லை. நானூறு ஜோடி கண்ணுக்கு முன்னால் நின்றது.

நானும் அவர் பக்கம்தான் பேசினேன். காரணம் எதுவாக இருந்தால் என்ன, கை சாம்பலிலிருந்து வெளியே வந்தால் போதும் என்று நினைத்தேன். "கை ஆறட்டும் பூவம்மா," என்றேன். அதோடு நிற்கவில்லை. சத்தார் கையும் இதே மாதிரி ஆகக் கூடாது என்று, ஆம்பூர் கடையிலிருந்து முழங்கை வரை வருகிற தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தேன். அது இல்லாமல் சாம்பலைத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். சத்தார் சொன்னபடி கேட்டார்.

பூவம்மாளின் கை எட்டு வாரத்தில் ஆறிவிட்டது. மூன்று இடத்திலும் குழி விழுந்த தழும்பு மட்டும். மூக்கு ஓட்டை மூடாது, அது அப்படியேதான் இருக்கும். அவள் சமைத்தாள், துணி துவைத்தாள், விடியுமுன்னே யாரும் வராத நேரத்தில் போய்த் தண்ணீர் பிடித்தாள். பகலில் பின்வாசல் கதவருகே உட்கார்ந்து பட்டறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கிளறுகிற சத்தத்தை வைத்தே கூழ்ப் பதம் வந்ததா இல்லையா என்று சொல்லுவாள். நான் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு முறை சொல்லிக் காட்டினாள். சரியாக இருந்தது.

நவம்பரில் புயல் மழை பிடித்தது. பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் வந்தது என்று எல்லோரும் போய் வேடிக்கை பார்த்தார்கள். இருநூற்று அறுபது ஜோடி முடிந்திருந்தது. வேலையை நிறுத்த முடியாது. பட்டறைக்குள் தகரக் கூரை சொட்டியது. சாம்பல் டிரம்மைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் சர்ச்சிலிருந்து வந்து, அவர்கள் வீட்டுப் பின்வாசலில் நின்று பூவம்மாளிடம் குடையை மடக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. பட்டறைப் பக்கம் கத்தினாள்.

"சத்தாரு! சாம்பல் எப்போ வறுத்தது?"

"காலைல வறுத்தது தான்கா!"

"காலைலயா? இந்த மழைல ஒரு மணி நேரம் தாங்காது. மறுபடி வறு!"

"காய்ஞ்சுதான்கா இருக்குது. கைல எடுத்துப் பார்த்துட்டேன்!"

கையில் என்றால் கையுறையில். அவள் எழுந்து ஒரு படி இறங்கினாள். சுப்பராயன் உள்ளேயிருந்து, "நீ வராத பூவு, ஹயாத் பாய் ஆளு வந்திருக்கான்," என்றார். அவள் நின்றுவிட்டாள். ஒரு படியில் நின்றுவிட்டாள்.

வெடித்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. அரிசி மூட்டையைக் கீழே போட்ட மாதிரி இருந்தது. கூழாக இருந்த அலுமினியம் மூசையிலிருந்து எழுந்து சுப்பராயன்மேல் கொட்டியது. கிளறுகிறவர் குனிந்துதான் கிளற வேண்டும். முகம், கழுத்து, மார்பு. சத்தார் டிரம் பக்கம் திரும்பியிருந்ததால் முதுகில் இரண்டு இடத்தோடு தப்பித்தார்.

நான் சட்டையை வெட்டினேன். ஒட்டிய இடத்தில் இழுக்கவில்லை, சுற்றி வெட்டினேன். தண்ணீர் தண்ணீர் என்று கத்தினேன். தெரு ஓடி வந்தது. ஒருவர் பேனா மை கொண்டுவந்தார், ஒருத்தி இட்லி மாவு. இரண்டையும் தட்டிவிட்டேன். முனியம்மா தன் வீட்டுக் குடங்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக பூவம்மாள் கையில் கொடுத்தாள். விரலோடு விரல் பட்டது. அதை யாரும் அப்போது பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஹயாத் பாஷாவின் ஆள் வந்திருந்த வேனில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தீக்காயம் எவ்வளவு என்று நோட்டில் எழுதியதைப் பார்த்ததுமே எனக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. பூவம்மாளிடம் சொன்னேன். பொய் சொல்லி ஆவதென்ன? "எத்தினி நாளு?" என்று மட்டும் கேட்டாள். பத்து நாள் என்றேன். ஒன்பது நாள் இருந்தார்.

நான் லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தேன். ஐந்தாம் நாள் அவருக்கு நினைவு நன்றாக இருந்தது. உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது.

"பூவு. சாம்பலா, மூசையா?"

அவள் ஈரத் துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். "மூசை. பழைய மூசை, விரிஞ்சு போயிருந்துச்சு. உன் தப்பு இல்ல, சத்தார் தப்பும் இல்ல."

"அப்போ சாம்பல் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் அவள் என்னிடம், "இன்னும் நான் அதத் தொட்டுப் பார்க்கலக்கா. எனக்குத் தெரியாது," என்றாள்.

இதில் என் பங்கு இரண்டு. கையுறை கொடுத்தது ஒன்று. அது சரியான காரியம், இன்றைக்கும் அதையே செய்வேன். குழாயடியில் அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்தது இன்னொன்று. வீட்டுக்குள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவள் அந்தப் படியில் நின்றிருக்க மாட்டாள். இதை அவளிடம் ஒரு தரம் சொன்னேன். "உங்க குரல் அப்படி, இன்னா பண்றது," என்றாள்.

பூவம்மாள் அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தாள். 1989இல் நுரையீரல் கெட்டு இறந்தாள். நான்தான் பார்த்துக்கொண்டேன். அவளைப் பற்றித் தெருவில் இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். புருஷன் செத்த மறுநாள் அவள் செய்ததை வைத்துத்தான் அந்தப் பேச்சு. நான் கண்ணால் பார்த்தது இது.

சுப்பராயனை இறந்த அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். மறுநாள் காலை பால் தெளிக்கப் போக வேண்டும் என்று அவர் அண்ணன் தம்பிகள் வாசலில் கூடியிருந்தார்கள். மழை விட்டிருந்தது. தாலி அறுக்கப்போகிறவள் பதினாறு நாள் மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். மூலையில் பாய்தான் இருந்தது, ஆள் இல்லை. நான் பின்வாசல் வழியாகப் போனேன்.

பட்டறையில் இருந்தாள். டிரம்மை மூடியிருந்த தார்ப்பாயை அவளே இழுத்துக் கீழே தள்ளியிருந்தாள். உலைக்கு அந்தப் பக்கம் சத்தார் முதுகில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையுறை டிரம்மின் விளிம்பில் கிடந்தது. நான் அதை எடுத்து அவளிடம் நீட்டினேன். மறுப்புச் சொல்லாமல் வாங்கினாள், இடுப்பில் செருகிக்கொண்டாள். வெறும் கையை முழங்கை வரை சாம்பலுக்குள் விட்டாள்.

எடுத்து, விரித்து, சாய்த்தாள். கொஞ்சம் விழுந்தது, மீதி விழவில்லை. உள்ளங்கையை என் பக்கம் திருப்பினாள். எல்லா ரேகையும் பச்சையாக இருந்தது. மூன்று தழும்புக் குழியிலும் பச்சை நிறைந்திருந்தது.

சத்தார் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அழுவாத," என்றாள். "அவருகிட்ட மூசைன்னு சொல்லியாச்சு. அது மூசைதான். வெளிய யாருகிட்டயும் வேற பேசாத. இன்னும் எத்தினி ஜோடி பாக்கி?"

"நூத்தி நாப்பதுக்கா."

"வெறகு எடு."

வாசலில் அவளைக் காணோம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, ஈரச் சாம்பலை அள்ளிப் போட்டு, வறுக்க ஆரம்பித்தாள்.